மதகுக்காரன் வேஷம்

பருத்திப்பட்டு,
தாது வருஷம் மாசி 19, செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் எத்திராஜ் அவர்களுக்கு, தங்கை தாட்சாயிணி வணங்கி எழுதுவது.

இங்கே நானும் வீட்டுக்காரரும் குழந்தை வரலட்சுமியும் சுகம். கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காகப் போன இரண்டு கடிதங்களிலும் இதையே எழுதினேன். அது பொய். இந்தத் தடவை எழுதுவது நிஜம். ரங்கூனில் நீங்களும் வசந்தா அண்ணியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அண்ணிக்கு இருமல் நின்றதா என்று எழுதவும்.

வேப்பம்பட்டில் நம் நிலத்தில் சம்பா அறுப்பு முடிந்தது. அம்மா போன வாரம் வண்டியில் வந்து புளியும் உளுந்தும் கொடுத்துவிட்டுப் போனார்கள். செவலைப் பசு சினையாக இருக்கிறது. ஏரியில் இன்னும் பாதிக்கு மேல் தண்ணீர் இருப்பதால் அடுத்த நவரைப் பயிருக்குக் கவலையில்லை.

தை மாதம் நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. "பன்னிரண்டு வருஷம் சோறு போட்ட கம்பெனியை உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் ஆண்பிள்ளையா? முதலாளி காலில் விழுந்தாவது திரும்பப் போகச் சொல்" என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. மன்னிக்க வேண்டும். உங்கள் கோபம் என் மேல் உள்ள அக்கறை என்று எனக்குத் தெரியும். ஆனால் நடந்தது முழுக்க உங்களுக்கு நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உங்கள் மச்சான் நாடகக் கம்பெனியில் பபூன் வேஷக்காரர் என்பது தெரிந்ததுதானே. அவர்களுடைய பெரிய நாடகத்தில் கிழ ஜமீன்தார் செத்துப்போகிற காட்சி ஒன்று உண்டு. இவர் வேலைக்காரன். மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து, கட்டில் கால் தடுக்கி விழுந்து, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருள வேண்டும். கொட்டகையே குலுங்கும். இதை அவர் நூற்றுக்கணக்கான தடவை செய்திருக்கிறார். கார்த்திகை மாதம் கும்பகோணம் முகாமில் ஒரு நாள் காலையில் கம்பெனியின் ஆர்மோனியக்காரர் காலமாகிவிட்டார். இவரோடு ஒரே பாயில் படுத்தவர். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு எல்லோரும் வேஷம் கட்டினார்கள், டிக்கெட் கொடுத்தாகிவிட்டதே. அன்றைக்கு இவர் ஓடிவந்தார், கட்டிலைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

ஜனங்கள் முதலில் இது ஏதோ புதுத் தமாஷ் என்று சிரித்தார்களாம். அப்புறம் விசில் அடித்தார்கள். கடலைத் தோலும் வாழைப்பழத் தோலும் மேடைக்குப் பறந்து வந்தன. மறுநாளும் நின்றார். மூன்றாம் நாளும் நின்றார். முதலாளி வீரராகவன் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, "இன்னாப்பா ஜம்பு, உன் மூஞ்சியப் பாத்தாலே ஜனம் சிரிக்குது. எவனுக்கும் கெடைக்காத வரம் அது. அத்த வெச்சிகினு அழுவப் பாக்கறியே! நீ நின்னு பாக்கறே, சரி. நான் தெனம் நாப்பது இலை போடணும். கொட்டா காலியாப் போனா நாப்பது பேரும் உன் மூஞ்சியப் பாத்துகினா துன்னுவாங்க?" என்று கேட்டாராம்.

இவர், "வேணும்னு பண்ணல மொதலாளி. காலு மடங்க மாட்டேங்குது" என்றாராம்.

"ஊருக்குப் போய் இரு. மடங்கற அன்னிக்கி வா" என்று முதலாளி ரயில் ஏற்றிவிட்டார். இதுதான் நடந்தது. இவர் உதறிவிட்டும் வரவில்லை, அவர் துரத்தவும் இல்லை. முதலாளியைக் கெட்டவர் என்றும் நினைக்காதீர்கள். ஆர்மோனியக்காரரின் பெண்சாதியையும் பிள்ளைகளையும் இன்றுவரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

அண்ணா, மார்கழியும் தையும் எனக்கு எப்படிப் போயின என்று சொல்கிறேன். ஊரையெல்லாம் சிரிக்க வைத்த மனுஷன் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. வரலட்சுமி முதுகில் ஏறிக்கொண்டு, "கொரங்கு மாரி பண்ணு நைனா" என்பாள். தலையைத் தடவி இறக்கிவிடுவார். காலையில் எழுந்து ஏரிக்கரைக்குப் போனால் வெயில் ஏறும்வரை வரமாட்டார். தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டு அங்கம்மா வந்து சொல்வாள். அவள் குரலைத் தாழ்த்திச் சொல்கிற விதம் எனக்குப் பிடிக்காது. உடனே குழந்தையை அனுப்பி, அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லச் சொல்வேன். கூப்பிட எனக்கு ஒரு வேலையும் இருக்காது. அவர் வந்து நிற்பார், நான் அம்மியை நகர்த்தச் சொல்வேன். ஒரு மாதத்தில் அந்த அம்மி வீடு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

அப்போதுதான் இங்கே பள்ளிக்கூடத்து வாத்தியார் உலகநாதன் தேடி வந்தார். இங்கே ஒரு நாடக சபை இருக்கிறது. வாத்தியார், ஆவடி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற ராமன், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், பயிர் வேலைக்காரர்கள் சிலர். ஆளுக்கொரு வேலை, நாடகம் ஆசைக்கு. வருஷா வருஷம் மாசியில் ஒரு புராண நாடகம் போடுவார்கள், டிக்கெட் கிடையாது. இந்த வருஷம் வாத்தியார் தானே ஒரு நாடகம் எழுதியிருந்தார். கம்பெனிக்காரர் ஊரிலேயே இருக்கிறாரே, ஒத்திகையில் வந்து நாலு திருத்தம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். இவர் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று, உள்ளே இருந்தபடியே, "நாளைக்கே வருவார்" என்று நான் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

கதை சின்னதுதான். ஒரு ஊரில் ஏரி மதகு திறந்து மூடுகிற ஏழை ஒருவன். கடைக்கோடியில் ஒரு விதவையின் துண்டு நிலம் காய்கிறது. பெரிய வீட்டு நிலத்துக்குப் பாய்கிற முறையில் அரை நாழிகைத் தண்ணீரை அவள் பக்கம் திருப்பிவிடுகிறான். பஞ்சாயத்து கூடித் திருடன் என்கிறது. அவள் பெயரைச் சொன்னால் இவன் தப்பலாம். சொன்னால் ஊர் அவளைப் பற்றி வேறு மாதிரிப் பேசும். அதனால் பேசாமல் நிற்கிறான். மதகுக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான். ராஜா இல்லை, பாட்டு இல்லை, முடிவில் சாமி வந்து வரம் கொடுப்பதும் இல்லை.

மதகுக்காரன் வேஷம் முதலில் ராமனுக்கு. இவர் ஒத்திகைக்குப் போன இரண்டாம் நாள், பஞ்சாயத்தில் எப்படி நிற்பது என்று இவர் நின்று காட்டினாராம். ராமன் உடனே காகிதத்தை வாத்தியாரிடம் கொடுத்து, "நான் நின்னா டிக்கெட்டுக்குச் சில்லறை தேடற மாரிதான் கீது. அண்ணாத்தையே செய்யட்டும். நான் பக்கத்துல நின்னு வசனம் எடுத்துக் குடுக்கறேன்" என்றாராம். நல்ல பிள்ளை. இரண்டு மாதம் பாடம் செய்த வேஷத்தை யார் அப்படிக் கொடுப்பார்கள்?

இவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார்.

ஆனால் சபைத் தலைவரான கம்பவுண்டர் இதற்கு ஒப்பவில்லை. டிக்கெட் இல்லாத நாடகம், வசூல் பயம் இல்லை, ஆகவே இவர்கள் எதற்கும் துணிவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னார்: "ஜம்பு, ஜனம் உன்னப் பாத்தவுடனே சிரிக்கும். அழுவற கதையில சிரிச்சாங்கன்னா ஊத்திக்கும். கம்பெனிக்காரன் பயப்படறது காலி பெஞ்சிக்கு. நாங்க பயப்படறது எதிர் ஊட்டுக்காரனுக்கு. நீ ரயிலேறிப் போய்டுவே. நான் நாளைக்கி இதே ஊர்ல மருந்து கலக்கணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூட வந்திருந்த வாத்தியார், போன வருஷ நாடகத்தையே போடுவதானால் போடுங்கள், எழுதின காகிதத்தை அடுப்பில் வைத்துவிடுகிறேன் என்று எழுந்துகொண்டார். வெகுநேரம் வாக்குவாதம். கடைசியில் கம்பவுண்டர், "நான் தடுக்கல. ஆனா முன்னால நின்னு வரவேற்கச் சொல்லாதீங்க" என்று போய்விட்டார்.

இன்னும் ஒன்று செய்தார்கள். நாடகத்தைப் பகலில் வைத்தார்கள். பெண்டுபிள்ளைகளும் கூலிக்குப் போகிறவர்களும் இருட்டுமுன் வீடு திரும்பலாம், காஸ் லைட்டும் வேண்டாம் என்பது வாத்தியார் கணக்கு. படுதாவும் வேண்டாம் என்றார். ஏரிக்கரைக்குக் கீழே களத்துமேட்டில் ஆடுவது, பின்னால் நிஜக் கரை, நிஜ மதகு. பகல் வெளிச்சத்தில் அரிதாரம் பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும் என்று உங்கள் மச்சான் வெறும் முகத்தோடு ஆடத் தீர்மானித்தார். பன்னிரண்டு வருஷமாக அரிதாரம் இல்லாமல் மேடையில் கால் வைக்காதவர். நாடகத்துக்கு முதல் நாள் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இந்த மூஞ்சியயா காட்டப் போறேன்?" என்று என்னைக் கேட்டார். நல்ல முகந்தான் என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆரம்பம். கம்பெனி பபூன் ஆடுகிறார் என்று சொல்லிச் சொல்லி எங்கெங்கிருந்தோ ஜனம். நம் வேப்பம்பட்டிலிருந்தே நாலு வண்டி. எல்லோரும் சிரிக்க வந்தவர்கள், அண்ணா. சேரி ஜனங்கள் கரையோரமாகத் தனியே உட்கார்ந்திருந்தார்கள். நான் பெண்கள் நடுவே அங்கம்மா பக்கத்தில் இருந்தேன்.

இவர் தோளில் மண்வெட்டியோடு கரையிலிருந்து இறங்கி வந்தார். அவ்வளவுதான், கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன் வரிசையில் ஒருவன், "அண்ணாத்தே, ஒரு குட்டிக்கரணம் போடு!" என்று கத்தினான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இவர் குனிந்து கால்வாயில் மண் அள்ளிப் போட்டார், அதற்கும் சிரிப்பு. வேர்வையைத் துடைத்தார், அதற்கும் சிரிப்பு. அங்கம்மா கூடச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

அவர் சிரிப்போடு மல்லுக்கு நிற்கவில்லை. ஊரே தன்னைப் பார்த்துச் சிரிப்பது பழகிப்போன ஏழையாக, தானும் லேசாகச் சிரித்துக்கொண்டு வேலையைச் செய்தார். பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பஞ்சாயத்துக் காட்சி வந்தது. "தண்ணி திருடினயா இல்லயா?" என்று கேட்கிறார்கள். இவர் பஞ்சாயத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, முன் வரிசையில் கத்தினானே, அவனைப் பார்த்தார். மெதுவாக, "இன்னா சொன்னா நம்புவீங்க?" என்று கேட்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கடைசிவரை ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிவில் மதகுக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் ஏறி நடக்க வேண்டும். நடந்தார். நாடகத் திடல் தாண்டி, இலுப்பை மரம் தாண்டி, கரை மேலே நடந்துகொண்டே போனார். ஆள் சின்னதாகிக்கொண்டே போனார். நாடகம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை, மங்களம் பாடவில்லை. ஜனம் அசையாமல் உட்கார்ந்து அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தது. கைதட்டல் கேட்டதும் திரும்பி வருவது என்று பேச்சு. கை ஒன்றும் தட்டவில்லை. இவர் தூரத்தில் இரண்டாவது மதகு வரை போய், அங்கே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அண்ணா, அந்த நேரம் நான் எதை நினைத்துப் பயந்தேன் என்று இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன். எழுந்து நின்றேன். அங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அதையேதான் நினைத்தாள் என்று அவள் பிடியிலேயே தெரிந்தது.

அப்போது சேரி ஜனங்கள் பக்கமிருந்து ஒருவர் எழுந்தார். துலுக்கானம். எங்கள் ஏரிக்கு மதகு திறக்கிறவர் அவர்தான். யாரையும் கேட்காமல் கரை மேல் ஏறி அவசரமில்லாமல் நடந்து போனார். தூரத்தில் இரண்டு பேரும் நிற்பது தெரிந்தது. துலுக்கானம் கையை ஆட்டி என்னவோ சொன்னார். இவர் ஏதோ கேட்டார். மறுபடி அவர் சொன்னார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து திரும்பி வந்தார்கள். கிட்ட வரவரப் பார்த்தேன், உங்கள் மச்சான் சிரித்துக்கொண்டு வந்தார். கார்த்திகைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

அவர் இறங்கி வந்த பிறகே ஜனம் எழுந்தது. கைதட்டினார்கள், அது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. குட்டிக்கரணம் கேட்டவன் கிட்டே வந்து, தலைத்துண்டை எடுத்துவிட்டு, "நான்தான் கத்தனேன் அண்ணாத்தே" என்றான். துண்டை மறுபடி கட்டாமலே போய்விட்டான். கம்பவுண்டர் ஓடிவந்து எல்லோரையும் வரவேற்றார், போகிற ஜனத்தை!

துலுக்கானம் என்ன சொன்னார் என்று இவரைக் கேட்டேன். "இந்தாம்மே, நடிப்புல குத்தம் இல்லியாம். நின்னதுதான் தப்பாம்" என்று சிரித்தார். துலுக்கானம் சொன்னது இதுதான்: "அண்ணாத்தே, பஞ்சாயத்துல நீ கைய பின்னால கட்டிகினு நின்னே. அப்பிடி நின்னா திமுருன்னு அடி விழும். முன்னால கட்டிகினு நிக்கணும். நான் அப்பிடித்தான் நின்னேன்." எப்போது என்று இவர் கேட்டதற்கு, "மூணு வருசம் ஆவுது" என்றாராம். வாத்தியாருக்கே அது தெரியாது. நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை.

இரண்டு நாளாக வாசலில் கையை முன்னால் கட்டிக்கொண்டு நின்று பார்க்கிறார். பக்கத்தில் வரலட்சுமியும் அப்படியே நிற்கிறாள். அவர் நகர்ந்தால் அவளும் நகர்கிறாள்.

முக்கியமான செய்தி பாக்கி. கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் புளியமரத்தடியில் முதலாளி வீரராகவன். யார் சொன்னார்களோ, பட்டணத்திலிருந்து ரயிலில் ஆவடி வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். வீட்டுக்கு அழைத்துவந்து மோர் கொடுத்தேன். மோரைக் குடித்து முடித்துவிட்டு, "அஞ்சரை வண்டிய உட்டுட்டேன். எழுந்துக்கவே தோணல" என்றார். பிறகு, "ஆனா ஜம்பு, இத்த என் கொட்டாயில வெச்சா மூணாம் நாளு நீயும் நானும்தான் உக்காந்து பாக்கணும்" என்றார். இவர், "தெரியும் மொதலாளி" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்புறம் பேரம் நடந்தது. சம்பளத்துக்கு இல்லை. ஜமீன்தார் சாகிற காட்சியில் இவர் எவ்வளவு நேரம் சும்மா நிற்கலாம் என்பதற்கு! முதலாளி பத்து எண்ணுகிற வரை என்றார். இவர் முப்பது கேட்டார். பத்துக்கு மேல் போனால் தோல் பறக்கும் என்றார் அவர். இன்றைக்கு ஒருவரும் எறியவில்லையே என்றார் இவர். கடைசியில் பதினைந்து எண்ணுகிற வரை நிற்பது, அதற்குப் பிறகு உருள்வது என்று முடிவாயிற்று. "காலு மடங்குமா?" என்று முதலாளி கேட்டார். இவர் கூடத்திலேயே தடுக்கி விழுந்து அம்மி வரை உருண்டு காட்டினார். குழந்தை சிரித்த சிரிப்பில் எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. மாசி மாதம் மட்டும் சபைக்கு ஆட வந்துவிடுவேன் என்று சொல்லி, அதற்கும் சம்மதம் வாங்கிக்கொண்டார்.

பங்குனி ஐந்தாம் தேதி காஞ்சிபுரம் முகாமுக்குப் புறப்படுகிறார். ஆகவே நீங்கள் சொன்னபடி கம்பெனிக்குத் திரும்பிவிட்டார், கவலை வேண்டாம். யார் காலிலும் விழவில்லை.

அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். கூத்தாடிக்குக் கொடுத்தோமே என்று உங்களுக்கு இருந்த வருத்தம் எனக்குத் தெரியும். நீங்கள் எழுதின கடிதங்கள் எல்லாம் என் பெயருக்கே வருகின்றன. அவர் வாங்கி, பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு, "அண்ணன் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்பார். அதற்கு மேல் கேட்டதில்லை. நானும் சௌக்கியம் என்று மட்டும் சொல்வேன்.

அவர் காஞ்சிபுரம் போகிறதற்குள் உங்கள் பதில் வராது, பரவாயில்லை. சித்திரையில் நாலு நாள் வீட்டுக்கு வருவார். அப்போது கிடைக்கும்படி ஒரு கடிதம், மேல்விலாசத்தில் அவர் பெயரைப் போட்டு எழுதுங்கள். உள்ளே அதிகம் வேண்டாம், மச்சான் சௌக்கியமா என்று ஒரு வரி போதும். தபால்காரர் எங்கள் வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணியையும் உங்களையும் கடவுள் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

உங்கள் பிரியமுள்ள தங்கை,
ஜ. தாட்சாயிணி